ஹங் இல்ல டீச்சர்

ஜெபமலருக்கு அப்போது இருபத்துமூன்று வயது. அவளிடம் படிக்க வந்த பெண்களில் பாதிப்பேர் அவளைவிட மூத்தவர்கள். அதுதான் அவளுடைய பெரிய பயம். டிரெயினிங் முடித்துக் கிடைத்த முதல் வேலை. முகத்தில் குழந்தைத்தனம் போகவில்லை என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். அதனால் வகுப்புக்குள் நுழையும்போதே முகத்தைக் கொஞ்சம் இறுக்கமாக வைத்துக்கொள்வாள்.

தென்காசி மாசி வீதிக்குப் பின்னால் ஒரு பழைய காரை வீட்டுக் கூடத்தில் அந்த வகுப்பு நடந்தது. புருஷன் இறந்தவர்கள், புருஷன் விட்டுவிட்டுப் போனவர்கள், சின்ன வயதில் பள்ளிக்கூடத்தை நிறுத்தியவர்கள் என்று பதினெட்டுப் பெண்கள். இரண்டு வருடம் படித்து, இ.எஸ்.எல்.சி. என்கிற எட்டாம் வகுப்பு அரசாங்கப் பரீட்சை எழுதித் தேறினால் டீச்சர் டிரெயினிங்கில் சேரலாம். தேறினால் மாதச் சம்பளம், தனி அடுப்பு. அண்ணன் வீட்டிலும் தம்பி வீட்டிலும் ஒண்டிக் கிடந்தவர்களுக்கு அது சாதாரண விஷயமில்லை. தூரத்து ஊர்க்காரர்கள் பின்கட்டிலேயே தங்கிக்கொண்டார்கள். கல்யாணசுந்தரி என்கிற அம்மாள் அவர்களுக்குச் சமைத்துப் போட்டாள்.

கணக்கு, சரித்திரம் எல்லாம் எப்படியோ ஏறிவிட்டது. இங்கிலீஷ்தான் ஏறவில்லை. அதிலும் இறந்தகாலம். வாக், வாக்டு என்று ஒழுங்காகப் போகிற வினைச்சொற்களில் தொந்தரவு இல்லை. கோ என்பது ஏன் வென்ட் ஆகவேண்டும், பை என்பது ஏன் பாட் ஆகவேண்டும் என்பதுதான் அவர்களுக்குப் பிடிபடவில்லை. "ஒரு முறைமை இல்லையே டீச்சர், இதை எப்பிடிப் படிக்க?" என்று ஒருத்தி அலுத்துக்கொண்டபோது, "முறைமை கிடையாது, மனப்பாடம்தான்" என்றாள் ஜெபமலர். தினமும் காலையில் முதல் வேலை அதுதான். அவள் ஒரு சொல்லைச் சொல்வாள். பதினெட்டுப் பேரும் அதன் மூன்று வடிவத்தையும் சேர்ந்து சொல்வார்கள். தெருவில் போகிறவர்கள் நின்று சிரித்துவிட்டுப் போவார்கள்.

அந்தப் பதினெட்டுப் பேரில் இரண்டு பேர் பிரியாத தோழிகள். ஒருத்தி உலகம்மை, வீரகேரளம்புதூர்க்காரி. நல்ல சிவப்பு, வாய் ஓயாது, எதற்கும் ஒரு கேலி வைத்திருப்பாள். ஏழு வயதில் ஒரு மகன், அம்மா வீட்டில் வளர்ந்தான். இன்னொருத்தி முப்பிடாதியம்மாள். ஆய்க்குடியில் அண்ணன் வீட்டில் இருந்தவள். பிள்ளை இல்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறவள். இரண்டு பேரும் ஒரே பாயில் உட்கார்ந்தார்கள், ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். ராத்திரி உலகம்மை முப்பிடாதியின் தலையில் பேன் பார்த்துக்கொண்டே பாடம் ஒப்பிப்பாள்.

முப்பிடாதி தன் புருஷன் காய்ச்சலில் போனதாகச் சொல்லியிருந்தாள். உலகம்மை, "குத்தாலத்துல போயிட்டாவ" என்று மட்டும் சொல்வாள். அருவியில் வழுக்கி விழுந்து செத்துப்போனான் என்று மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அதற்குமேல் அந்த வீட்டில் யாரும் யாரையும் கேட்பதில்லை. புருஷன் பேரைச் சொல்லும் வழக்கமும் அந்தப் பெண்களுக்கு இல்லை.

ஆடி மாதம் பிறந்து சாரல் விடாமல் அடித்துக்கொண்டிருந்த ஒரு காலை. ஈரப் பாவாடைகள் கூடத்துக்குள்ளேயே கொடியில் தொங்கின. ஜெபமலர் அன்று எச் எழுத்தில் தொடங்கும் சொற்களை எடுத்திருந்தாள்.

"ஹேங்" என்றாள்.

"ஹேங், ஹங், ஹங்."

எல்லோரும் சொல்லி முடித்த பிறகு ஒரு குரல் மட்டும் தனியாகக் கேட்டது. "ஹேங்டு."

"யாரது?"

முப்பிடாதி எழுந்து நின்றாள். "ஹேங், ஹேங்டு, ஹேங்டு, டீச்சர்."

"இல்லக்கா. எல்லாத்துக்கும் ஈடி போடக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? ஹங். சொல்லுங்க."

"ஹங் இல்ல டீச்சர்."

ஒரு வருடத்தில் இந்தப் பெண் ஒரு நாள்கூட எதிர்த்துப் பேசியதில்லை. ஜெபமலர் கொடியைக் காட்டினாள். "இந்தப் பாவாடையைத் தொங்கப் போட்டேன். ஐ ஹங் இட். விளக்கைத் தொங்கவிட்டேன். ஐ ஹங் த லேம்ப். புரியுதா?"

"பாவாடைக்கு அப்பிடி இருக்கும் டீச்சர். மனுசருக்கு ஹேங்டுதான்."

"ஏட்டி முப்பிடாதி" என்று பாயிலிருந்து உலகம்மை அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள். "மனுசரை யாருட்டி கொடியில தொங்கப்போடுதா?"

கூடம் முழுக்கச் சிரிப்பு. ஜெபமலருக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் முப்பிடாதி உட்காரவில்லை. அந்தப் பிடிவாதம்தான் ஜெபமலரைச் சீண்டியது. இவளுக்கு இன்றைக்கு விட்டுக்கொடுத்தால் நாளைக்குப் பதினெட்டுப் பேரும் எழுந்து நிற்பார்கள்.

"எனக்குத் தெரியாத இங்கிலீஷ் உங்களுக்கு யாருக்கா சொல்லிக் குடுத்தா?"

"ஜட்ஜு அய்யா."

சிரிப்பு இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. யாரோ, "எந்த ஜட்ஜு?" என்றாள்.

"திருநெவேலி கோர்ட்டு ஜட்ஜு. எங்க வீட்டுக்காரருக்குத் தீர்ப்பு வாசிச்சவரு." முப்பிடாதி யாரையும் பார்க்காமல் கரும்பலகையைப் பார்த்துப் பேசினாள். "ரொம்ப நேரம் இங்கிலீஷ்ல வாசிச்சாரு. கடைசில அந்த வார்த்தைய அழுத்திச் சொல்லிட்டு நிறுத்தினாரு. எங்க வீட்டுக்காரரு கூண்டுல நின்னுக்கிட்டு, 'எத்தன வருசம் அய்யா?'ன்னு கேட்டாரு. நான் பக்கத்துல நின்ன போலீஸ்காரர்ட்ட, 'ஹேங்டுன்னா என்ன அண்ணாச்சி?'ன்னு கேட்டேன். அவரு வாயால சொல்லல. கழுத்துல விரலை வச்சுக் காட்டினாரு."

ஜெபமலரின் கையிலிருந்த சாக்பீஸ் இரண்டாக முறிந்தது. அவளே முறித்தாளா, தானாக முறிந்ததா என்று தெரியவில்லை.

"காய்ச்சல்னு சொன்னது பொய். மன்னிச்சிக்கிடுங்க" என்றாள் முப்பிடாதி. "எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ் அது ஒண்ணுதான் டீச்சர். அதைத் தப்புன்னு சொன்னதும் பொறுக்கல."

பின்வரிசையில் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இன்னொருத்தி தன் பாயைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டாள். உலகம்மைதான் முதலில் பேசினாள். முப்பிடாதியின் கையைப் பிடித்திருந்தாள். குரல் இளகியிருந்தது.

"என்னட்டி செஞ்சாவ உங்க வீட்டுக்காரரு?"

"ஒரு ஆளை வெட்டிட்டாவ. குத்தாலத்துல. சீசன்ல இளனி விக்கப் போன எடத்துல."

"எப்போ?"

"ஏழு வருசமாச்சு. இதே ஆடிதான்."

உலகம்மையின் கை அப்படியே நின்றது. "நீ ஆய்க்குடில்லா?"

"ஆய்க்குடி எங்க அண்ணன் வீடு. வாக்கப்பட்டது வடகரையில."

"செத்த ஆளு பேரு என்ன?" இதைக் கேட்டபோது உலகம்மையின் குரல் யாருடைய குரலோ போல இருந்தது.

"குற்றாலிங்கம்னு கோர்ட்டுல சொன்னாவ. ராயகிரி ஆளு."

உலகம்மை பிடித்திருந்த கையை விட்டாள். சூடுபட்டது போல விட்டாள். எழுந்து நின்றாள். வீரகேரளம்புதூர் உலகம்மை வாழ்க்கைப்பட்டுப் போனது ராயகிரிக்கு என்று அந்த வகுப்பில் ஜெபமலர் ஒருத்திக்குத்தான் தெரியும், சேர்க்கும்போது விசாரித்தவள் அவள்தான். புரிந்த கணத்தில் அவள் மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க வீட்டுக்காரருட்டி" என்றாள் உலகம்மை. கத்தவில்லை. சாப்பாடு ஆகிவிட்டது என்று சொல்வது போலச் சொன்னாள். பிறகு செருப்புகூடப் போடாமல் வாசலைத் தாண்டிப் போய்விட்டாள்.

முப்பிடாதி அப்போதும் நின்றுகொண்டுதான் இருந்தாள். அவள் முகத்தைப் பார்த்த ஜெபமலர், இவள் இப்போது விழுந்துவிடுவாள் என்று நினைத்தாள். அவள் விழவில்லை. "அது அவுகளா? அது அவுகளா டீச்சர்?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

வகுப்பைக் கலைத்துவிட்டு ஜெபமலர் தெருவெல்லாம் தேடினாள். மத்தியானம் கடைக்குப் போய்வந்த கல்யாணசுந்தரி, உலகம்மை குற்றால பஸ்ஸில் ஏறியதை உப்புக்கடைக்காரர் பார்த்தாராம் என்று வந்து சொன்னாள். அருவியில் வெள்ளம் கொட்டுகிற நேரம். ஒரு பெண் அந்தத் தண்ணீருக்குள் போக முடிவு செய்துவிட்டால் யார் தடுப்பது?

ஜெபமலர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது முப்பிடாதி பின்னாலேயே வந்தாள்.

"நீங்க வரவேண்டாம்க்கா. உங்களைப் பார்த்தா அவங்களுக்கு இன்னும் ஆகாது."

"எடம் எனக்குத்தான் தெரியும் டீச்சர்" என்றாள் முப்பிடாதி.

குற்றாலத்தில் இறங்கியதும் ஜெபமலர் பெரிய அருவிப் பக்கம் ஓடப் பார்த்தாள். எண்ணெய் தேய்த்துக்கொண்டு நிற்கிறவர்கள், ஈரவேட்டியோடு ஓடுகிறவர்கள், மிளகாய் பஜ்ஜிக்கு முண்டுகிறவர்கள் என்று ஒரே கூட்டம். முப்பிடாதி அவள் கையைப் பிடித்து எதிர்ப்பக்கம் இழுத்தாள். சித்தாற்றுப் பாலத்துக்குக் கீழே மாட்டுவண்டிகள் அவிழ்த்துப் போடும் இடத்துக்குக் கூட்டிப்போனாள்.

உலகம்மை அங்கே இல்லை. பாலத்தின் மறுமுனையில், பலாப்பழம் விற்கிற துல்கர்னைன் என்பவரின் கடைக்கு முன்னால், தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றுகொண்டிருந்தாள். கடைக்காரர் அவளிடம் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நான் இங்கன பத்து வருசமா இருக்கேம்மா. சீசனுக்குச் சீசன் நாலு சண்டை நடக்கு, ரெண்டு பேரு அருவியில விழுதாவ. இதுல நீங்க எதைக் கேக்கிய? ராயகிரி ஆளுன்னா எனக்கு ஞாபகத்துக்கு வரமாட்டேங்குது."

உலகம்மை திரும்பி ஜெபமலரைப் பார்த்தாள். "ஒருத்தருக்கும் தெரியல டீச்சர். பத்துக் கடையில கேட்டுட்டேன். ஒரு ஆளுக்குக்கூடத் தெரியல." சாவதற்கு அவள் வரவில்லை என்பது அப்போதுதான் ஜெபமலருக்கு விளங்கியது. இடத்தைப் பார்க்க வந்திருக்கிறாள். ஏழு வருடத்தில் அவளை யாரும் அங்கே கூட்டிவந்து காட்டவில்லை. அவன் செத்தபோது அவள் நிறைமாதம். அடுத்த வாரம் பிள்ளை பிறந்தது. கோர்ட்டுக்குக்கூட அவளுடைய கொழுந்தன்மார்கள்தான் போய்வந்தார்கள்.

பிறகுதான் உலகம்மை பின்னால் நின்ற முப்பிடாதியைக் கண்டாள். ஜெபமலர் நடுவில் நகர்ந்து நின்றாள். ஆனால் உலகம்மை அடிக்க வரவில்லை.

"எங்கன?" என்று கேட்டாள்.

முப்பிடாதி முன்னால் நடந்தாள். பாலத்துக்குக் கீழே ஒரு மருத மரத்தருகில் நின்றாள். "எங்க வண்டி இங்கன நின்னுது. உங்க வீட்டுக்காரரு வண்டிய அங்கன அவுத்துப் போட்டாரு. மாடு வந்து இளனிக் குலைய முட்டித் தள்ளிட்டு. எங்க வீட்டுக்காரரு வஞ்சாரு. அவுக பதிலுக்கு வஞ்சாவ. ஒரு அறை விழுந்துச்சு எங்க வீட்டுக்காரருக்கு. அம்புட்டுதான்."

"மாடு முட்டினதுக்கா?"

"மாடு முட்டினதுக்குத்தான்."

உலகம்மை அந்த மரத்தை, தரையை, சேற்றில் கிடந்த வைக்கோலை எல்லாம் மாறி மாறிப் பார்த்தாள். "எங்க கொழுந்தன்மாரு பழைய பகைன்னு சொன்னாவ. வரப்புத் தகராறுன்னு சொன்னாவ."

"முன்னப் பின்ன தெரியாது ரெண்டு பேருக்கும். பேருகூடத் தெரியாது."

"நீ இருந்தியா?"

"இளனி சீவ நான்தான் எடுத்துக் குடுத்துக்கிட்டிருந்தேன்." முப்பிடாதியின் பேச்சு இப்போது நிற்காமல் வந்தது. "அறை வாங்கிட்டு அவரு வண்டிக்குப் போனாரு. அருவாளை எடுத்தாரு. திரும்பி வந்தாரு. நான் காலைப் பிடிச்சேன், ஒதறிட்டாரு. கோர்ட்டுல எங்க வக்கீல் சொல்லித்தான் கூட்டிப்போனாரு. 'அருவா கையிலயே இருந்துச்சு, ஆத்திரத்துல ஓங்கிட்டாருன்னு சொல்லும்மா. வண்டிக்குப் போய் எடுத்தாருன்னு மட்டும் சொல்லிராத, தூக்குதான்'னாரு. நானும் சரின்னுதான் கூண்டுல ஏறினேன். சர்க்கார் வக்கீல், 'அருவா எங்க இருந்துச்சு?'ன்னு கேட்டதும், 'வண்டிக்குப் போனாரு, எடுத்தாரு, திரும்பி வந்தாரு'ன்னு வாயில வந்துட்டு. ஜட்ஜு அய்யா அதை இங்கிலீஷ்ல சத்தமாச் சொல்லி எழுத வச்சாரு. அப்போ எனக்கு ஒண்ணும் விளங்கல. போன மாசம் டீச்சர் டேக், டுக்னு சொல்லிக் குடுத்தாவல்லா, அன்னைக்குத்தான் விளங்கிச்சு. வென்ட், டுக், கேம். மூணும் நான் சொன்னதுதான்."

டுக் என்றால் 'எடுத்தாரு'தானே டீச்சர் என்று அவள் அன்றைக்கு எழுந்து கேட்டதும், கெட்டிக்காரி என்று தான் தட்டிக்கொடுத்ததும் ஜெபமலருக்கு நினைவு வந்தது.

உலகம்மை மெதுவாகக் கேட்டாள். "அப்போ, 'அவன் பொண்டாட்டியே காட்டிக் குடுத்துட்டா, அவ சொல்லலைன்னா தப்பிச்சிருப்பான்'னு எங்க கொழுந்தன் சொன்னாரே, அது நீதானா?"

"நான்தான். அதுக்குத்தான் மாமியா வீட்டுல முடியைப் பிடிச்சு வெளிய தள்ளினாவ. புருசனைத் தூக்குல ஏத்துனவன்னு."

"ஏன் சொன்ன?"

"தெரியல." முப்பிடாதி முதல் முறையாக அவளை நேராகப் பார்த்தாள். "உங்க வீட்டுக்காரரு விழுந்ததும் எல்லாரும் ஓடிட்டாவ. தண்ணி, தண்ணின்னு கேட்டாரு. நான்தான் ஒரு இளனியை வாயில ஊத்தினேன். ரெண்டு மடக்கு குடிச்சாரு. மூணாவது வெளிய வந்துட்டு. கூண்டுல ஏறினதும் அந்த முகம்தான் முன்னால நின்னுது. வக்கீல் சொன்னது மறந்துபோச்சு."

உலகம்மை வண்டிப்பாதை ஓரத்துக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். குளித்துவிட்டு வந்த ஒரு கூட்டம் சிரித்துக்கொண்டே அவர்களைத் தாண்டிப் போனது. ஜெபமலருக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. ஜெபம் செய்யலாமா என்றுகூட யோசித்தாள். குடையை உலகம்மையின் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான் அண்ணன் வீட்டுக்கே போயிருதேன்" என்றாள் முப்பிடாதி. "நீ படி."

உலகம்மை தலை நிமிர்ந்தாள். கண் சிவந்திருந்தது. "போவாத. போனா நான் தொரத்திட்டேன்னு சொல்லுவாவ. படிச்சு முடி." பிறகு, "ஆனா எங்கூடப் பேசாத. என்னால ஆவாது" என்றாள்.

திரும்பும் பஸ்ஸில் ஒருத்தி முன்னாலும் ஒருத்தி பின்னாலும் உட்கார்ந்தார்கள். ஜெபமலர் நடுவில் நின்றுகொண்டே வந்தாள், இடம் காலியாக இருந்தும்.

அன்று வீட்டுக்குப் போனதும் அவள் அகராதியைப் புரட்டினாள். பொடி எழுத்தில் அது இருந்தது. பொருளைத் தொங்கவிட்டால் ஹங், ஆளைத் தூக்கிலிட்டால் ஹேங்டு. டிரெயினிங்கில் படித்ததுதான். மறந்துபோயிருந்தாள். மறுநாள் காலை வகுப்பில் நின்று, "நேத்து நான் சொன்னது தப்பு. முப்பிடாதியக்கா சொன்னதுதான் சரி" என்றாள். எச் எழுத்தில் மிச்சமிருந்த சொற்களை அன்று அவள் நடத்தவில்லை, கணக்கைத் தொடங்கிவிட்டாள்.

உலகம்மையின் பாய் ஜன்னலோரத்துக்குப் போயிருந்தது. அவள் கேலி பேசுவது நின்றுபோயிற்று. முப்பிடாதி சமையல்கட்டில் கல்யாணசுந்தரியோடு படுத்துக்கொண்டாள். எதிரெதிரே வந்தால் ஒருத்தி ஒதுங்கி வழிவிடுவாள். சண்டையும் இல்லை, சமாதானமும் இல்லை. எட்டு மாதம் அப்படியே போயிற்று.

பரீட்சைக்குப் புறப்பட்ட காலை, பஸ் நிலையத்தில் எல்லோரும் வரிசையாக நின்று அவரவர் பாடத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். உலகம்மை மட்டும் வரிசையிலிருந்து விலகி முப்பிடாதியிடம் வந்தாள். ஜெபமலர் பக்கத்தில்தான் நின்றாள்.

"அவுக கண்ணு தொறந்திருந்துச்சா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"யாரு மூடுனா?"

"நான்தான் மூடுனேன்."

உலகம்மை தலையை ஆட்டினாள். பஸ் வந்து நின்றது. இரண்டு பேரும் ஏறினார்கள்.

இரண்டு பேரும் தேறினார்கள். முப்பிடாதி வீரகேரளம்புதூர்ப் பக்கம் ஒரு ஆரம்பப் பள்ளியில் டீச்சரானாள் என்று இரண்டு வருடம் கழித்துக் கல்யாணசுந்தரி சொன்னாள். அந்தப் பள்ளியில்தான் உலகம்மையின் மகனும் படிப்பதாகவும், வேறு பள்ளிக்கு மாற்றச் சொல்லி ராயகிரிக்காரர்கள் வந்து கத்தியும் உலகம்மை மாற்றவில்லை என்றும் சொன்னாள். ஜெபமலர் நம்பமுடியாமல் இரண்டாம் முறையும் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.